கரும்புக்குத் தாகம் எடுத்தால்

சித்திரை மாத உச்சி வெயிலில் கரும்புத் தோட்டத்துப் பக்கம் போனால், இலைகள் நீளவாக்கில் சுருண்டு தோகையே மெலிந்து தெரியும். வெயில் தாழ்ந்ததும் அவை விரிந்துவிடும். அனுபவப்பட்ட விவசாயி இதைப் பார்த்துப் பதற மாட்டார். காலையில் வெயில் ஏறும் முன்பே இலை சுருண்டு கிடந்தால்தான் அவருக்குக் கவலை. இரவு முழுவதும் உறிஞ்சியும் செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று அதற்கு அர்த்தம்.

இலையைச் சுருட்டுவது அதன் மேல்தோலில் வரிசையாக இருக்கும் சில பெரிய செல்கள். சுவர் மெல்லியவை, நீர் நிறைந்தவை. புல்லிஃபார்ம் செல்கள் என்று பெயர். நெல், சோளம் என்று புல் குடும்பத்தில் பலவற்றுக்கும் இவை உண்டு. நீர் குறைந்ததும் இவை சட்டென்று தளர்ந்து சுருங்க, இலை உள்பக்கமாக மடங்குகிறது. வெயில் படும் பரப்பு குறைகிறது. சுருளுக்குள் ஈரக்காற்று தங்குவதால் ஆவியாகிப் போகும் நீரும் குறைகிறது.

ஆனால் இது நம் கண்ணுக்குத் தெரியும் முதல் அறிகுறிதான். செடிக்குள் அதற்கு முன்பே ஒன்று நடந்திருக்கும். கரும்பு தன் வளர்ச்சியைக் குறைத்திருக்கும்.

ஒரு செல் நீள வேண்டுமானால் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் அதன் சுவரைத் தள்ள வேண்டும். அந்த அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே நீட்சி மந்தமாகி நின்றுவிடும். ஒளிச்சேர்க்கைக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. அதனால் மண் காயத் தொடங்கும்போது முதலில் சரிவது வளர்ச்சிதான். இலை சர்க்கரை தயாரிப்பது அதற்குப் பிறகும் சில நாட்கள் ஏறக்குறைய ஒழுங்காக நடக்கும். இந்த முன்பின் வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரும்பின் வறட்சிக் கதையில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

வளர்ச்சி நின்றதற்கான தடயம் தண்டிலேயே இருக்கும். பொங்கலுக்கு வாங்கும் கரும்பில் ஓரிடத்தில் மட்டும் கணுக்கள் நெருக்கமாக இருந்தால், அந்தப் பகுதி உருவான நாட்களில் பெரும்பாலும் தண்ணீர் குறைந்திருக்கும். அப்புறம் தண்ணீர் கிடைத்தாலும் மேலே வரும் புதுக் கணுவிடைகள்தான், அதாவது இரு கணுக்களுக்கு நடுவே உள்ள பகுதிகள்தான், நீளும். முற்றிப்போன குட்டைக் கணுவிடை குட்டையாகவே நிற்கும்.

அடுத்த கட்டம் இலைத்துளைகளை மூடுவது. காயும் மண்ணை முதலில் உணர்வது வேர். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் செடியில் பெருகி இலைக்குப் போய்ச் சேர்கிறது. இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, அதன் பின்னே நீரும் போகிறது, துளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சம். ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும் இந்தத் துளை வழியாகத்தானே? நெல்லுக்கு இது உடனே இடிக்கும். கரும்புக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

காரணம் சி4 ஒளிச்சேர்க்கை. உலகம் இந்த முறையைத் தெரிந்துகொண்டதே கரும்பு வழியாகத்தான். ஹவாய்த் தீவுகளில் கரும்புத் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் ஆய்வகத்தில் ஹியூகோ கோர்ட்சாக்கும் அவர் சகாக்களும் கதிரியக்கக் கார்பனைக் கரும்பு இலைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புத்தகத்தில் எழுதியிருந்தபடி அது மூன்று கார்பன் கொண்ட சேர்மத்தில் முதலில் தென்படவில்லை. மாலிக் அமிலம், அஸ்பார்டிக் அமிலம் என்ற நான்கு கார்பன் அமிலங்களில் தென்பட்டது. 1965-ல் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு சர்க்கரை நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ஹேட்சும் ஸ்லாக்கும் அது எப்படி நடக்கிறது என்று விளக்கத் தொடங்கினார்கள். உயிரியல் பாடத்தில் வரும் ஹேட்ச்-ஸ்லாக் வழித்தடம் இதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், கரும்பு இலையின் வெளிப்பக்கச் செல்கள் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள கற்றை உறைச் செல்களுக்குள் அனுப்புகின்றன. அங்கே வாயு மறுபடி விடுவிக்கப்பட்டுச் செறிவாகிறது. அதனால் துளை பாதி மூடியிருந்தாலும் சர்க்கரை தயாரிக்கும் நொதிக்குக் குறை தெரிவதில்லை. ஆனால் சி4 என்றாலே வறட்சியைத் தாங்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. வறட்சி முற்றும்போது துளை மட்டும் பிரச்சினையாக இருப்பதில்லை. கார்பனைப் பிடிக்கும் நொதிகளின் வேலையே தளர்கிறது. அந்தக் கட்டத்தில் சி4 பயிருக்கும் மற்ற பயிருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்போது வெயிலே எதிரியாகிறது. பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அந்த ஆற்றலைச் செலவிட வழியில்லை. மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜன் மீது பாய்ந்து, சவ்வுகளையும் புரதங்களையும் அரிக்கும் வீரிய ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகிறது. கரும்பு இவற்றை அடக்க கேட்டலேஸ் போன்ற நொதிகளைக் கூட்டுகிறது, புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்க்கிறது. செல்லுக்குள் நீரைப் பிடித்து வைக்கத்தான் புரோலின் சேர்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். பிரேசிலில் கூடுதல் புரோலின் தயாரிக்கும்படி மரபணு மாற்றிய கரும்பைச் சோதித்தபோது, நீரைப் பிடித்து வைப்பதைவிட இந்த அரிப்பிலிருந்து காப்பதில்தான் அதன் பங்கு தெரிந்தது.

தண்டிலும் இலையிலும் நீர் ஏறும் சைலக் குழாய்களிலும் சிக்கல் வரும். மேலே இழுவிசை கூடக் கூட, குழாய்க்குள் நீர்ப்பத்தி அறுந்து காற்று புகுந்துவிடும். கரும்புக்கு இதற்கு ஒரு மருந்து உண்டு. இரவில் வேர் தன் அழுத்தத்தால் நீரை மேலே தள்ளி அந்தக் குழாய்களை மறுபடி நிரப்பும். விடியற்காலையில் இலை ஓரத்தில் நிற்கும் துளிகளில் எல்லாமே பனி அல்ல. வேர் தள்ளிய நீரும் அதில் உண்டு. மண் அடியோடு காய்ந்துவிட்டால் இந்த மருந்தும் பலிக்காது. பிறகு செடி அடி இலைகளைக் கைவிடத் தொடங்கும். அவற்றின் தழைச்சத்தை மேல் இலைகளுக்கு மாற்றிவிட்டு அடி இலைகளைச் சோகையாக, அதாவது காய்ந்த தோகையாக, ஆக்கிவிடும்.

சரி, இத்தனையும் எப்போது நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டமும் லாபமும்.

தமிழ்நாட்டில் நடுப்பட்டக் கரும்பு பிப்ரவரி, மார்ச்சில் நடப்படுகிறது. நடும் தண்டுத் துண்டான கரணையிலிருந்து முதலில் வரும் வேர்கள் தற்காலிகமானவை. ஓரிரு மாதத்தில் முளையின் சொந்த வேர்கள் பொறுப்பேற்க வேண்டும். அப்புறம் அடியிலிருந்து பக்க முளைகள் கிளம்பித் தூர் கட்டும் பருவம். இது சரியாகக் கோடையில் வந்து விழுகிறது. நீர் இல்லாவிட்டால் புதுத் தூர்கள் வருவது குறையும், வந்தவையும் காயும். சூடும் வறட்சியும் சேர்ந்தால் இளங்குருத்துப் புழுவும் கூடவே வரும். ஒரு ஏக்கரில் எத்தனை ஆலைக் கரும்பு (ஆலையில் அரைக்கத் தகுந்த தண்டு) நிற்கப்போகிறது என்பது இந்த மாதங்களில் முடிவாகிவிடுகிறது. பின்னால் எவ்வளவு மழை பெய்தாலும் இழந்ததை முழுதாக மீட்க முடியாது. மழைக்குப் பிறகு அடியிலிருந்து கொழுகொழுவென்று கிளம்பும் நீர்ப்போத்துகளை நம்பி மகிழக் கூடாது. வெட்டும்போது அவை முற்றியிருக்காது. சாற்றின் தரத்தைத்தான் கெடுக்கும்.

அதே வறட்சி அறுவடைக்கு முந்தைய வாரங்களில் வந்தால் கதை தலைகீழ். வளர்ச்சி நிற்கிறது, ஆனால் இலை இன்னும் சர்க்கரை தயாரித்துக்கொண்டிருக்கிறது. புது இலைக்கும் புதுக் கணுவிடைக்கும் போயிருக்க வேண்டிய சர்க்கரை செலவாகாமல் தண்டில் சேர்கிறது. வெட்டுக்கு முன் நீர்ப் பாய்ச்சலைக் குறைப்பதன் பின்னணி இதுதான். ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவில் விவசாயிக்குப் பணம் டன் கணக்கில். அவர் தோட்டத்துக் கரும்பின் சர்க்கரை கட்டுமானத்தை (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதத்தை) தனியாக அளந்து யாரும் கொடுப்பதில்லை, ஆலை முழுவதற்குமான சராசரிதான் கணக்கு. ஆகவே கரும்பைக் காயவிடுவதில் ஆலைக்கு உள்ள ஆர்வம் விவசாயிக்கு இல்லாமல் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆலையின் வெட்டு உத்தரவு தள்ளிப்போய் கரும்பு அளவுக்கு மீறிக் காய்ந்தால் இருவருக்குமே நஷ்டம். எடை இறங்கும், நார் கூடும், சேர்ந்த சுக்ரோஸும் குளுக்கோஸ், பிரக்டோஸாக உடையத் தொடங்கும்.

நீண்ட வறட்சியின் முன்னால் இந்த நுணுக்கம் எல்லாம் நிற்காது. 2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. பட்டம், பருவம் பார்க்காமல் எல்லாக் கரும்பும் அடிவாங்கியது.

செடியின் இந்த நடத்தையைத் தெரிந்துகொண்டால் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பரிந்துரைகளின் காரணமும் விளங்கும். ஒரு அடி ஆழச் சாலில் நடச் சொல்வது வேர் ஆழத்திலேயே தொடங்கட்டும் என்பதற்காக. வறட்சி நாட்களில் 15 நாளுக்கு ஒருமுறை யூரியாவும் பொட்டாஷும் தலா 2.5 சதவீதம் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். காய்ந்த மண்ணிலிருந்து சத்தை எடுக்க வேரால் முடியாது, ஆனால் இலைத்துளையைத் திறந்து மூடப் பொட்டாசியம் வேண்டும் அல்லவா? உரித்த சோகையைக் கொளுத்தாமல் பாரில் (சால்களுக்கு நடுவே உள்ள மேட்டில்) பரப்பினால் மண்ணிலிருந்து நேராக ஆவியாகும் நீர் குறையும். செலவு குறைந்த வழி இதுதான், அதிகம் கொளுத்தப்படுவதும் இதுதான்.

ரகங்கள் பக்கம் வந்தால், கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் முதல் பெரிய வெற்றியே ஒரு முரட்டுச் செடியை வீட்டுக் கரும்போடு சேர்த்ததுதான். தடித்த இனிப்புக் கரும்பையும், ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் காட்டுக் கரும்பான சக்காரம் ஸ்பான்டேனியத்தையும் கலந்து உருவான கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. காட்டுச் செடியின் வேரும் தாங்கும் குணமும் இன்றைய ரகங்களில் ஓரளவு இருப்பது அந்த வழியில்தான். பின்னாளில் அதே நிலையத்தில், எரியாந்தஸ் என்ற இன்னொரு காட்டு உறவின் வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுவை கோ 86032 ரகத்தில் ஏற்றியும் பார்த்திருக்கிறார்கள். இந்தோனேசியா ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, பீட்டைன் என்ற காப்புப் பொருளைத் தயாரிக்கும் கரும்புக்கு 2013-ல் அனுமதி கொடுத்தது.

ஆனால் மரபணு ஒன்றை மாற்றி முடிகிற வேலையில்லை இது. ஒரு கரும்புச் செல்லில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள். ஒரே மரபணுவுக்குப் பல பிரதிகள். இன்றைய ஒரு கலப்பின ரகத்தின் மரபணுத் தொகுதி விரிவாக வெளிவந்ததே 2024-ல்தான்.

இதைவிட அடிப்படையான ஒரு இழுபறியும் உண்டு. துளையைச் சீக்கிரம் மூடும் ரகம் நீரை மிச்சம் பிடித்துப் பிழைத்துக் கிடக்கும், ஆனால் எடை வைக்காது. தாமதமாக மூடும் ரகம் வளர்ந்துகொண்டே இருக்கும். பத்து நாளில் மழை வந்தால் அதுதான் ஜெயிக்கும், இரண்டு மாதம் வராவிட்டால் அதுதான் முதலில் கருகும். "வறட்சி தாங்கும்" என்ற ஒரே அட்டையை இரண்டின் மீதும் ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கிணற்றில் பாதித் தண்ணீராவது கிடைக்கும் தோட்டத்துக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும். மானாவாரியாக ஐப்பசி மழை வரை தாக்குப்பிடிக்க வேண்டிய நிலத்துக்கு முதல் வகை. 2000-ல் வெளியான கோ 86032 தென்னிந்தியாவில் இத்தனை ஆண்டுகள் பரவலாக நின்றதற்கு, அதைவிட முரட்டுத்தனமாகத் தாங்கும் கரும்பு இல்லை என்பது காரணமல்ல. சுமாரான வறட்சியிலும் எடையும் சர்க்கரையும் சேர்ந்து கொடுத்ததுதான் காரணம்.