'ப்ரைஸ்' என்றால் பரிசு அல்ல, கொண்டி

போன மாதம் கோத்தகிரியில் ஒரு வாசகர் கூட்டம். முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் செய்ததைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றை வாசித்தார்கள். "எம்டன் வங்கக் கடலில் அடுத்தடுத்துப் பரிசுகளை வென்றது" என்று வந்ததும், முன்வரிசையில் ஸ்வெட்டருக்குள் கையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "எந்தப் போட்டியில சார்?" அவள் கேட்டதில் தவறே இல்லை.

ஆங்கிலத்தில் 'ப்ரைஸ்' என்று இரண்டு சொற்கள் உண்டு. விலை, மதிப்பு என்ற வழியில் வந்தது நாம் அறிந்த பரிசு. கடற்சட்டத்தில் வருவது பிரெஞ்சு 'ப்ரீஸ்'. பிடிக்கப்பட்டது என்று பொருள். போர்க்காலத்தில் கடலில் பிடித்த எதிரிக் கப்பலும் சரக்கும்தான் அது.

பரிசு என்பது மனமுவந்து கொடுப்பது. ஊட்டி மலர்க் கண்காட்சியில் ரோஜாவுக்குக் கிடைக்கிறதே, அது பரிசு. 1914 செப்டம்பரில் நிலக்கரி ஏற்றிப்போன பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பலை எம்டனுக்கு யார் மனமுவந்து கொடுத்தார்கள்?

'கடற்கொள்ளை' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். கடற்கொள்ளை குற்றம், இது போர்ச்சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை. பிடித்த கப்பலை அதற்கென்றே உள்ள நீதிமன்றத்தில் நிறுத்தி, பிடித்தது செல்லும் என்று தீர்ப்பு வாங்க வேண்டும். முறையில்லாமல் பிடித்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். பிரிட்டிஷ் கடற்படையில் விற்ற பணத்தில் மாலுமிகளுக்கும் பங்கு இருந்தது. இதையெல்லாம் 'பரிசு நீதிமன்றம்', 'பரிசுப் பணம்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன விளங்கும்? அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளோடு நின்றுவிடும் பழக்கம் இது. கடலில் ஆபத்தில் சிக்கிய கப்பலையோ சரக்கையோ காப்பாற்றும் 'சால்வேஜ்' என்பதையும் இப்படித்தான் வெறும் 'மீட்பு' என்று முடித்துவிடுகிறார்கள். மீட்டவருக்குச் சேரவேண்டிய கூலிக்கும் அதே பெயர்தான் என்பது விட்டுப்போகிறது.

நம்மிடம் 'கொண்டி' இருக்கிறது. 'கொள்' என்ற வினையில் பிறந்தது, பகைவரிடம் கைக்கொண்டது. பட்டினப்பாலையில் வரும் 'கொண்டி மகளிர்' போரில் பிடித்துவரப்பட்ட பெண்கள். 'பிடி' என்ற வினையில் பிறந்த பிரெஞ்சுச் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடைக்காது. கடற்கொண்டி, கொண்டி நீதிமன்றம், கொண்டிப் பணம் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடையில்லை.

"கொண்டின்னா எங்க ஊர்ல கதவுக்குப் போடறதுங்க" என்றார் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்த நண்பர். இருக்கட்டுமே. வானத்தில் விடுவதும் பட்டம், பல்கலைக்கழகம் தருவதும் பட்டம்; யாரும் குழம்புவதில்லை. கட்டுரையை வாசித்தவரிடம் படியை வாங்கி, மூன்று இடத்திலும் 'பரிசு'வை அடித்து மேலே 'கொண்டி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.