சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு சேஃப்டி கோர்ஸ்: தேதிகளும் உயரத்தில் வேலையும்

சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போகும் வெளிநாட்டுத் தொழிலாளி, பாதுகாப்புப் பயிற்சியில் தேறியே ஆக வேண்டும். முன்பு அதற்கு சிஎஸ்ஓசி (கட்டுமானப் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சி) என்று பெயர். எல்லோரும் சொல்வது சேஃப்டி கோர்ஸ். தமிழிலும் நடக்கிறது. பதிவு செய்யும்போதே கம்பெனியிடம் தமிழ் வகுப்பு வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். புரியாத மொழியில் உட்கார்ந்துவிட்டுத் தேர்வில் தவறினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

புதிதாக வருபவருக்கு, வந்த 2 வாரத்துக்குள் பதிவு நடந்திருக்க வேண்டும். 3 மாதத்துக்குள் தேறாவிட்டால் ஒர்க் பெர்மிட் ரத்தாகலாம். கட்டுமானத் துறையில் 6 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாக வேலை செய்தவர் 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் செய்தவர் 4 ஆண்டுக்கு ஒரு முறையும் மறுபடி தேற வேண்டும். பலர் சறுக்குவது பெர்மிட் புதுப்பிக்கும்போது. அன்றைக்குச் சான்றிதழில் 1 மாதத்துக்கு மேல் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். பெர்மிட் முடியும் தேதியும் சான்றிதழ் முடியும் தேதியும் ஒன்றல்ல. இரண்டையும் போனில் குறித்து வையுங்கள். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

பயிற்சியில் சொல்வதில் உயிரோடு நேராகச் சம்பந்தப்பட்டது உயரத்தில் வேலை. 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலையை அந்த வேலைக்கென்று எழுதித் தரும் அனுமதித்தாள் இல்லாமல் தொடங்கக் கூடாது (இது உங்கள் ஒர்க் பெர்மிட் அல்ல). 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம் தோண்டவும், கிரேனில் பாரம் தூக்கவும் அப்படித்தான். 'அஞ்சு நிமிஷ வேலைதானே, ஏறு' என்று சூப்பர்வைசர் சொன்னாலும் அனுமதித்தாள் எங்கே என்று கேளுங்கள். சாரத்தை 7 நாளுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். அதில் மாட்டியிருக்கும் அட்டையில் தேதியைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஹார்னஸ் (விழாமல் பிடிக்க உடலில் கட்டும் பட்டை) போட்டும் தரையில் மோதியவர்கள் உண்டு. காரணம் கணக்கு. கயிறு சுமார் 2 மீட்டர், அதிர்ச்சியைத் தாங்கும் பை கிழிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை, ஹார்னஸில் கயிறு சேரும் இடத்திலிருந்து உங்கள் கால் வரை 1.5 மீட்டர், கீழே இடைவெளி 1 மீட்டர்: கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே மொத்தம் 6 மீட்டருக்கு மேல் வேண்டும். கொக்கியைத் தலைக்கு மேல் மாட்டினால் காலுக்குக் கீழே தேவைப்படும் உயரம் குறையும். கால் மட்டத்தில் மாட்டினால் அவ்வளவும் காலுக்குக் கீழே வேண்டும். 4 மீட்டர் உயரத்தில் கால் பக்கம் கொக்கி மாட்டுவது ஹார்னஸே போடாததற்குச் சமம். அங்கே கைப்பிடித் தடுப்புதான் கேட்க வேண்டியது. ஒரு முறை விழுந்து நிறுத்திய ஹார்னஸை மறுபடி போடாதீர்கள்.

சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஆபத்தை அதிகாரியிடம் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது.

அடிபட்டால் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் 'வேலையில் பட்டது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னால் கேட்காதீர்கள். பதிவேட்டில் ஏறியதை மாற்றுவது பெரும்பாடு. மருத்துவ விடுப்போ லேசான வேலையோ எழுதித் தந்தால் கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து 1 ஆண்டு அவகாசம் உண்டு. பெர்மிட் ரத்தானாலும் அந்த உரிமை போகாது.