காதில் விழாத தாளம்

நெல்லைச் சீமையில் கோயில் கொடைவிழா பார்த்தவர்களுக்குக் கணியான் கூத்தின் மகுடப் பறைச் சத்தத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உச்சமும் மந்தமும் மாறி மாறி அதிர, அடி ஏற ஏற சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வந்துவிடும். அருளை அளக்கக் கருவி கிடையாது. ஆனால் ஓரமாக நின்று கேட்பவரின் மூளை தாளத்தைப் பிடித்துக்கொள்வதை அளக்கலாம்.

வலிப்பு வந்தவர்களுக்கு நரம்பு டாக்டர் எழுதிக் கொடுக்கும் அதே இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அசைவுகளைக் கோடாகப் பதியும் சோதனைதான் இதற்கும். ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதரிடம் முதலில் எடுத்தது. தலையில் பசை வைத்து மின்முனைகளை ஒட்டுவார்கள். ஒரு சத்தத்துக்கு மூளை காட்டும் பதில், தோலுக்கு வந்து சேரும்போது ஏதோ ஒரு மைக்ரோவோல்ட் அளவுதான் இருக்கும். சுவர்க்கடிகார பேட்டரியின் 1.5 வோல்ட்டில் அது 15 லட்சத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டினாலே அதைப்போல நூறு மடங்கு எழும். வேர்த்தாலும் கோடு மெதுவாக ஏறி இறங்கும். அந்த மெதுவான அசைவு, தாளம் இருக்கும் இடத்துக்கே வந்து தொலைக்கும். நம்மூர் வெயிலில் ஏ.சி. இல்லாமல் இந்த வேலை ஆகாது.

இத்தனை இரைச்சலிலிருந்து பதிலை எடுத்துக்கொடுப்பது தாளமேதான். நொடிக்கு 2.4 அடி என்று சீராகக் கேட்கவைத்தால், மூளையின் பதிலும் 2.4 ஹெர்ட்ஸில் திரும்பத் திரும்ப வரும். நெடுநேரப் பதிவை ஃபூரியே கணக்கால் அலைவெண் வாரியாகப் பிரிக்கிறார்கள். இரைச்சல் எல்லா எண்களிலும் சிதறிப்போகும். பதில் மட்டும் 2.4-இல் ஊசிபோல நிற்கும். கொடைக் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினாலும் மகுடம் தனியாகக் கேட்கிறதே, அந்த மாதிரி.

சரி, காதில் விழுந்தது மூளையில் தெரிகிறது, இதில் என்ன அதிசயம்? 2011-இல் பெல்ஜியத்தில் சில்வி நோசரதானும் குழுவினரும் செய்த சோதனை இதைத் தாண்டிப் போனது. கேட்கவைத்தது அதே 2.4 தான். அதை இரண்டிரண்டாகவும், அப்புறம் மும்மூன்றாகவும் மனசுக்குள் எண்ணிக்கொள்ளச் சொன்னார்கள்; நாமாக இருந்தால் ‘தகிட, தகிட’ என்று ஓட்டியிருப்போம். இரண்டாக எண்ணும்போது 1.2-இலும் மூன்றாக எண்ணும்போது 0.8-இலும் புதிய ஊசிகள் எழுந்தன. ஒலியில் அந்தத் தாளங்கள் இல்லவே இல்லை. கேட்டவர் போட்டுக்கொண்ட கணக்கு, மின்சாரமாக வெளியே வந்திருக்கிறது!

மூளைக்குள் உண்மையிலேயே ஒரு அலை தாளத்தோடு சேர்ந்து ஆடுகிறதா, அடிக்கு அடி தனித்தனிப் பதில்கள் வரிசையாக வருகின்றனவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எந்தப் பக்கம் ஜெயித்தாலும், இதன் உறவுமுறைச் சோதனை ஒன்று காது பரிசோதனையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை, ஒவ்வொன்றின் சத்த அளவையும் நொடிக்கு 80 முதல் 100 தடவைக்குள் வெவ்வேறு வேகத்தில் ஏற்றி இறக்கி, தூங்கும் குழந்தையின் காதில் ஒன்றாகவே கொடுக்கிறார்கள். எந்த வேகத்தில் ஊசி எழுகிறதோ, அந்த வேகத்துக்குரிய ஒலி குழந்தைக்குக் கேட்கிறது.