ஹீட் பைப்புக்குள் தண்ணீர் இருக்கிறது, தம்பி

"செம்புதானே அண்ணா, வளைத்தால் சூடு கடத்தாதா?" என்று கேட்டார் அந்த மாணவர். திரை நொறுங்கிய மடிக்கணினியின் மதர்போர்டை எடுத்து, புத்தக அலமாரியில் செருகி வைக்கும் அளவுக்கு ஒரு மரப்பெட்டிக் கணினி செய்து கொண்டுவந்திருந்தார். தச்சு வேலை அவ்வளவு சுத்தம். உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ்கூட அடித்திருந்தார். ஆனால் இயக்கிய இரண்டாவது நிமிடமே பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டு, கணினி அணைந்துவிடுகிறது. திறந்து பார்த்தேன். பெட்டியின் ஓட்டைக்கு நேராக ஃபேன் வர வேண்டும் என்பதற்காக பிராசஸரின் சூட்டை ஃபேன் பக்கம் கொண்டுபோகும் செம்புக் குழாயான ஹீட் பைப்பைக் குறட்டால் பிடித்துச் செங்குத்தாக மடக்கியிருந்தார்.

அந்தக் குழாய் கெட்டிச் செம்பு அல்ல. உள்ளே வெற்றிடம். உட்சுவரில் செம்புத் துகள்களைச் சூட்டில் ஒட்டவைத்த பஞ்சு போன்ற படலம் இருக்கும்; அதில் சில துளித் தண்ணீர் ஊறியிருக்கும். காற்று இல்லாததால் அந்தத் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை, கை பொறுக்கும் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஆவி ஃபேன் பக்கம் ஓடும், குளிர்ந்து நீராகும், திரியில் எண்ணெய் ஏறுவதுபோலப் படலத்தின் வழியே சிப்புக்குத் திரும்பும். பம்ப் இல்லாத தண்ணீர்க் குளிர்விப்பு இது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-ல் இதைச் செய்துகாட்டியபோது அவர் மனதில் இருந்தது விண்கலங்களுக்கான மின்சாரம். இன்று அது நம் மடிமேல் கிடக்கிறது.

குழாயை மடக்கினால் படலம் நசுங்கி, நீர் திரும்பும் வழி அடைபடும். வெட்டினாலோ, ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலோ காற்று புகுந்துவிடும், கதை முடிந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் தொல்லை. என் கடையில் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன். ஹீட்சிங்கை, அதாவது தகடும் ஹீட் பைப்பும் சேர்ந்த குளிர்விப்புப் பாகத்தைக் கழற்றி, சிப்பில் (பிராசஸரில்) படும் முனையை வெந்நீரில் வைத்து, மறுமுனையை விரலால் தொட்டுப் பாருங்கள். நல்ல குழாய் என்றால் சில நொடிகளில் விரலை எடுத்துவிடுவீர்கள். செத்த குழாய் மெதுவாக, சோம்பலாகச் சூடேறும்.

குழாயை நீட்டலாமே, இன்னொரு துண்டைச் சாலிடர் வைத்து ஒட்டலாமே என்று அடுத்துக் கேட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதைச் செய்தேன், கேஸ் டார்ச்சால். தட்டையாக இருந்த குழாய் பலூன்போல உப்பி, 'பட்' என்று வெடித்தது. முகத்தில் தெறிக்காதது என் நல்ல நேரம். 200 டிகிரியில் நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய 15 மடங்கு வளிமண்டல அழுத்தம். விசில் அடிக்கும் குக்கருக்குள் இருப்பது சுமார் 2 மடங்குதான். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் 138 டிகிரியில் உருகும் வெள்ளீயம்–பிஸ்மத் சாலிடர் இருக்கிறது. டார்ச்சைத் தொடாதீர்கள்.

சிலர் ஹீட்சிங்கையே தூக்கி எறிந்துவிட்டு, தண்ணீர் ஓடும் அலுமினியக் கட்டியைப் பிராசஸர்மேல் வைத்து, மீன்தொட்டி பம்பை இணைத்துவிடுகிறார்கள். பழுதுக்கு வரும் இப்படிப்பட்ட போர்டுகளில் பிராசஸர் நன்றாகவே இருக்கும். கருகியிருப்பது அதன் பக்கத்தில் இருந்து அதற்கு மின்சாரம் சீராக்கித் தரும் மாஸ்ஃபெட்டுகள் என்ற சின்னச் சின்னச் சில்லுகள். பழைய ஹீட்சிங்கின் தகடு, தெர்மல் பேட் எனும் சூடு கடத்தும் மெத்தென்ற பட்டை வழியாக அவற்றின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. புதிய கட்டி பிராசஸரை மட்டும் கவனிக்கிறது. பேடின் கனத்திலும் விளையாடக் கூடாது. 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் தகடு தூக்கிக்கொண்டு, சிப்புக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும். சிப்பின்மேல் தடவும் சூடு கடத்தும் பேஸ்ட் அதை நிரப்பும் என்று நம்பாதீர்கள்.

அலுமினியக் கட்டியும், சூடான தண்ணீரை ஆறவைக்கும் செம்பு ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இன்னும் வேகமாக. ஐஸ் போடலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: சென்னையில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின்மேலும் பனித்துளி கட்டும். மதர்போர்டும் ஒரு பொருள்தான். 230 வோல்ட்டில் ஓடும் மீன்தொட்டி பம்பை, எர்த் இல்லாத உலோகப் பெட்டிக்குள், தண்ணீருக்கு நடுவே வைப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆசுஸ் 2015-ல் தண்ணீரில் குளிரும் ஜிஎக்ஸ்700 மடிக்கணினியைக் காட்டியபோதுகூட, பம்பும் ரேடியேட்டரும் பின்னால் செருகும் தனிப் பெட்டியில்தான் இருந்தன. எனவே என் யோசனை எப்போதும் ஒன்றுதான்: ஹீட்சிங்குக்கு ஏற்றபடி பெட்டியைச் செய்யுங்கள், பெட்டிக்கு ஏற்றபடி ஹீட்சிங்கை வளைக்காதீர்கள். நிற்க வைக்கும் பெட்டி என்றால் ஃபேன் பக்கம் மேலே, சிப் கீழே இருக்கட்டும். அப்போது குளிர்ந்த நீர் தானாகவே இறங்கும். தலைகீழாக வைத்தால் படலம் அதை மேலே இழுக்கப் போராட வேண்டும். ஃபேன் உறிஞ்சும் பக்கத்தைப் பலகையோடு ஒட்டாதீர்கள். அதன் வயரைப் பெரிய கணினியின் 12 வோல்ட்டில் செருகாதீர்கள், மடிக்கணினி ஃபேன்களில் பெரும்பாலானவை 5 வோல்ட். பழைய பேட்டரி உப்பியிருந்தால் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம்.

மாணவருக்கு அதே மாடலின் பழைய ஹீட்சிங்க் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். ஃபேன் வேறு இடத்தில் வந்ததால் பக்கவாட்டில் புதிய ஓட்டை போட வேண்டியிருந்தது; வார்னிஷ் கீறிவிட்டதே என்று அவருக்குத்தான் வருத்தம்.