தட்டினா இறங்குது, ஊதினா ஏறுது: ஒரே பாட்டில்ல எப்படி?

உசிலம்பட்டி பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர் போன வாரம் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாங்க. ஸ்கூல்ல பாட்டு வாத்தியார் கிடையாது, ஆர்மோனியமும் கிடையாது, அதனால மூணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு சுரம் காட்ட பழைய கண்ணாடி கலர் பாட்டில்கள்ல தண்ணிய கூட்டிக் குறைச்சு ஊத்தி ஸ்பூனால தட்டிருக்காங்க. தண்ணி கூடக்கூட சுரம் இறங்கிருக்கு. அந்த நேரம் பார்த்து ஒரு பையன் பாட்டில வாய்கிட்ட வச்சு ஊதிட்டான், தண்ணி நிறைய இருக்குற பாட்டில்தான் கீச்சுன்னு கேட்டிருக்கு. "ஒரே பாட்டில், ஒரே தண்ணி, எப்படி சார் தலைகீழா போகுது, நான் தப்பா சொல்லிக்குடுத்துட்டேனா"ன்னு கேட்டாங்க.

தப்பே இல்ல டீச்சர், ரெண்டும் சரி.

வேகமா அதிர்ந்தா மேல் சுரம், மெதுவா அதிர்ந்தா கீழ் சுரம், இது தெரிஞ்சதுதான். எது அதிருதுங்கிறதுதான் விசயம். தட்டும்போது அதிருறது கண்ணாடி, ஒட்டி நிக்கிற தண்ணியையும் அது சேர்த்து ஆட்டணும், இடுப்புல பிள்ளைய வச்சுக்கிட்டு கும்மி அடிச்சா வேகம் குறையும்ல, அந்த மாதிரி. கிண்ணங்கள்ல தண்ணி ஊத்தி குச்சியால தட்டி வாசிக்கிற ஜலதரங்கமும் இப்படித்தான். கிண்ணத்துக்கு விளிம்புலதான் ஆட்டம் ஜாஸ்தி, அதனால அடியில ஊத்துற தண்ணிக்கு சுரம் லேசாத்தான் அசையும், மேல வர வர ஒரு ஸ்பூன் தண்ணிக்கே நல்லா இறங்கும்.

ஊதும்போது அதிருறது காத்து. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். சைக்கிள் பம்பு ஓட்டைய கட்டைவிரலால அடைச்சுக்கிட்டு கைப்பிடிய அமுக்கிப் பாருங்க, ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். பாட்டில் வயித்துல இருக்குற காத்து அந்த ஸ்பிரிங், கழுத்துல இருக்குற காத்து அது மேல உக்காந்திருக்குற தக்கை. ஊதினா தக்கை உள்ள போகுது, ஸ்பிரிங் அமுங்கி வெளிய தள்ளுது, தள்ளின வேகத்துல தக்கை கொஞ்சம் கூடுதலாவே வெளிய போயிருது, உள்ள அழுத்தம் குறைஞ்சு திரும்ப இழுக்குது, இப்படி செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவ. தண்ணி ஊத்தினா உள்ள காத்து குறையுது, கொஞ்சக் காத்த அமுக்குறது கஷ்டம், ஸ்பிரிங் விறைப்பாகுது, சுரம் ஏறுது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பேர்ல இருக்குற கணக்கு இது.

காத்த பாதியாக்கினா விறைப்பு ரெண்டு மடங்காகும், ஆனா வேகம் அதோட வர்க்கமூலம்தான், 1.41 மடங்கு. காலி பாட்டில ச-ன்னு வச்சா பாதி நிரப்பின பாட்டில்ல கிடைக்கிறது கிட்டத்தட்ட பிரதி மத்தியமம், அதாவது ரெண்டு ம-வுல மேல இருக்குற ம! மேல் ச வேணும்னா வேகம் ரெண்டு மடங்காகணும், காத்து கால்வாசிக்கு வரணும். கழுத்த விட்டு வயிறு மட்டும் 180 மில்லி பிடிக்கிற பாட்டில்னா, 100 மில்லி தண்ணிக்கு ப, 135 மில்லிக்கு மேல் ச. பின்னமும் வர்க்கமூலமும் சுரமும் ஒரே பாட்டில்ல வந்து நிக்குது பாருங்க.

மேற்கத்திய இசை மேதை மொசார்ட்டோட பேர்ல 'மொசார்ட் கேட்டா பிள்ளைக்கு மூளை வளரும்'னு சிடி வித்தாங்க, நம்பாதீங்க. 1993-ல வந்த அந்த ஆய்வுல இருந்தது 36 காலேஜ் பசங்க, பலன் நின்னது கால் மணி நேரம் கூட இல்ல. பாட்டு சொல்லிக்குடுக்க அந்த மாதிரி சாக்கு எதுக்கு? 2012-ல நம்ம அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குன்னு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள எடுத்துச்சு, அதுவும் ஆறுல இருந்து எட்டாவது வரைக்கும்தான். பாட்டு வாத்தியார ஒண்ணாப்பு பிள்ளைக்குத்தான் மொதல்ல குடுக்கணும்னு நான் சொல்லுவேன்.

பிள்ளைகளுக்கு முடிஞ்சா கச்சேரியில வாசிக்கிற மண்பானை வாத்தியம், ஒரு மானாமதுரை கடத்தையும் காட்டுங்க டீச்சர். விரலால உடம்புல தட்டினா மண் சுவரு பேசும், கணீர்னு. வாய்ப்பக்கம் உள்ளங்கையால அடிச்சா உள்ள இருக்குற காத்து பேசும், கும்முனு. பாட்டில்ல பார்த்த ரெண்டு சத்தமும் ஒரே பானைக்குள்ள. கடக்காரர் வாய வயித்தோட சேர்த்து அமுக்கினா கும் இன்னும் கீழ இறங்கும். காத்தோட அளவு பெருசா மாறல, வாய்தான் குறுகிருச்சு. அந்த வழியா தள்ளுற விசை தக்கையோட கனத்தவிட வேகமா குறையுறதால ஆட்டம் மெதுவாகுது. அந்தப் பையன்கிட்ட பாட்டில் வாய விரலால பாதி மூடிக்கிட்டு ஊதச் சொல்லுங்க, அதுலயும் இறங்கும்.