வீட்டைச் சுருக்கலாம், வீட்டில் இருப்பவர்களைச் சுருக்க முடியாது: செயற்றிட்டத்துக்கு வீடு வரையும் மாணவர்களுக்கு

சென்ற வாரம் மாணவர் ஒருவர், தம் பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக வடிவமைத்த வீட்டின் வரைபடத்தைப் பார்த்துத் தரும்படி கொண்டுவந்தார். மூன்று அறைகள், மாடி, கார் நிறுத்துமிடம், வண்ணம் தீட்டிய முகப்புப் படம் என எல்லாமே அதில் இருந்தன. மலசலகூடத்தின் கதவு மட்டும் 1 அடி 3 அங்குல அகலத்தில் இருந்தது. இந்த ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் திருத்திக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஒவ்வொரு தவணையிலும் இதே பிழை வேறு வேறு பிள்ளைகளின் கைகளில் வந்துகொண்டிருப்பதால்தான், திருகோணமலையில் படவரைஞராகத் தொழில் செய்யும் நான் இதை எழுத வேண்டியதாயிற்று.

அந்தக் கதவு எப்படி அவ்வளவு ஒடுங்கியது என்பதைக் கேளுங்கள். இணையத்தில் பிடித்த வீடொன்றின் வரைபடத்தை மாணவர் எடுத்திருக்கிறார். அதன் நீளம் 60 அடி, அகலம் 40 அடி. அவர்களுடைய காணியோ 10 பேர்ச், அதாவது ஏறக்குறைய 2,722 சதுர அடி. 60 அடிக்கு 45 அடி என்று வைத்துக்கொள்ளலாம். வீதிப்பக்கமும் பின்புறமும் விடவேண்டிய வெளியை விட்டால் அந்த வீடு அங்கே அடங்காது. எனவே கணினியில் படத்தைப் பாதியாகச் சுருக்கி 30 அடிக்கு 20 அடி என்று எழுதிவிட்டார். பாதியாக்கினால் பரப்பும் பாதியாகும் என்பது அவருடைய எண்ணம். 2,400 சதுர அடி 1,200 ஆகவில்லை, 600 ஆயிற்று. இரண்டரை அடிக் கதவு 1 அடி 3 அங்குலமாயிற்று. நான்கு அடி நடைபாதை இரண்டு அடியாயிற்று. 10 அங்குலமாக இருந்த படிக்கட்டின் மிதி 5 அங்குலமாயிற்று. அதில் ஏறுகிறவர் குதிக்காலை எங்கே வைப்பார்? 9 அங்குலச் செங்கற்சுவர் நாலரை அங்குலமாயிற்று.

"படத்தில் எல்லாம் சரியாகத்தானே தெரிகிறது, சேர்" என்றார். சரியாகத்தான் தெரியும். ஏனென்றால் சுவரோடு சேர்ந்து கட்டிலும் கதிரையும் சாப்பாட்டு மேசையும் சுருங்கிவிட்டன. ஆறடிக் கட்டில் மூன்றடியான பிறகும் அறைக்குள் அழகாகப் பொருந்தியே இருக்கும். கண்ணை ஏமாற்றுவது அந்தத் தளபாடங்கள்தாம். வீடு எவ்வளவு சிறிதானாலும் கதவு ஓர் ஆள் போகும் கதவாகவே இருக்க வேண்டும், மிதி ஒரு பாதம் படியும் மிதியாகவே இருக்க வேண்டும், அடுப்பு மேடை சமைக்கிறவரின் இடுப்புக்கு எட்டவே வேண்டும். வீடு சிறிதாக வேண்டுமென்றால் அறைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், இரண்டு அறைகளை ஒன்றாக்கலாம், நடைபாதையை அடியோடு நீக்கலாம். மொத்தப் படத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கக் கூடாது. பத்துச் சதவீதம் மட்டும் சுருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் கூடாது. பத்துச் சதவீதம் சுருங்கிய படிக்கட்டில் ஏறி இறங்கும் அம்மம்மாவைக் கேட்டால் காரணம் சொல்வார். (ஓட்டோகாட் என்ற கணினி வரைதல் மென்பொருள் தெரியாது என்று வருந்தும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கட்டத்தாளும் பென்சிலும் இந்தப் பிழையைச் செய்ய விடுவதில்லை.)

ஆகவே கனவு வீட்டை வரைவதற்கு முன் நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டை அளந்து வரையுங்கள். அது வாடகை வீடாக இருக்கலாம், தகரக் கூரையாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தையல் நாடா இழுபடும். உருக்கு அளவுநாடாவை இரவல் வாங்குங்கள். முதலில் தோராயமாகப் படத்தைக் கீறி, பிறகு ஒருவர் நாடாவைப் பிடிக்க மற்றவர் எண்ணை எழுதுங்கள். அறையின் நான்கு பக்கங்களை மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடாமல் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 12 அடிக்கு 9 அடி அறை மூலைமட்டமாக, அதாவது மூலைகள் செங்கோணமாக, இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் சரியாக 15 அடி வர வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் வராது. ஒன்று நீண்டும் மற்றது குறைந்தும் இருக்கும். அந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதி வைக்கும் பிள்ளை, கணினியில் ஆயிரம் வண்ணம் தீட்டிய பிள்ளையைவிட அதிகம் கற்றிருக்கிறது என்பது என் கருத்து. கூரையை அளப்பதற்கு மேலே ஏறவே கூடாது. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது. சுவரின் நீளத்தோடு தாழ்வாரத்தின் நீட்டத்தைக் கீழே நின்றபடியே கூட்டிக்கொள்ளலாம். மாதிரி செய்வதற்கென்று அந்தச் சீற்றை உடைப்பதும் வேண்டாம்; அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

அடுத்தது திசை. வடக்கைக் காட்டும் அம்புக்குறியை, திசை பார்க்காமலே, தாளில் இடம் காலியாக உள்ள மூலையில் போட்டுவிடுகிறார்கள். கைபேசித் திசைகாட்டியை இரும்புப் படலைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும். வளவின் நடுவில் நின்று பாருங்கள். திசை தெரியாமல் வெயில் தெரியாது. குளிர்நாட்டு இணையத்தளங்கள் பெரிய கண்ணாடி யன்னல்களைத் தெற்கே வைக்கச் சொல்வது, அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பம் வேண்டும் என்பதற்காக. நமக்கு வெப்பத்துக்கு என்ன குறை வந்தது?

திருகோணமலை வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையளவில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் இறுதியிலும் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிவெயில் வடக்கிலிருந்தும், மற்றைய மாதங்களில் தெற்கிலிருந்தும் விழும். டிசெம்பரில் தெற்குச் சுவரின் மேல் இரண்டரை அடித் தாழ்வாரம் ஏறக்குறைய நான்கு அடிக்கு நிழல் தரும். ஜூனில் வடக்குச் சுவருக்கு அதே தாழ்வாரம் ஒன்பது அடி நிழலைத் தரும். மேற்குச் சுவரில் மாலை நான்கு மணிக்கு அதே தாழ்வாரம் தரும் நிழல் ஏறக்குறைய ஒன்றரை அடிதான். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அனலாக வீசுவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். படிக்கும் அறையையும் பாட்டி படுக்கும் அறையையும் மேற்கே வைத்து, முகப்பு அழகுக்காக அங்கே முழுக் கண்ணாடியும் போட்டிருக்கும் வரைபடத்தைப் பார்க்கும்போது எனக்கே வியர்க்கிறது. குளியலறை, பண்டங்கள் வைக்கும் அறை, படிக்கட்டு ஆகியவற்றை மேற்கே தள்ளுங்கள். ஒரு வேம்பையும் வரையுங்கள்.

தாழ்வாரம் நல்லதென்று ஐந்தடிக்கு நீட்டவும் வேண்டாம். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் கரையேறியது இம்மாவட்டத்தின் வடகரையில்தான். நீண்ட தாழ்வாரத்தின் அடியில் புகும் காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும். வாடைக்கால மழையையும் மறந்துவிடுகிறார்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் தண்ணீர் இறங்கும். பீலி எங்கே, அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடம் சொல்ல வேண்டும். அயலவரின் வளவுக்குள் என்பது விடையன்று.

கிணறும் மலக்குழியும் பெரும்பாலான வரைபடங்களில் இல்லவே இல்லை. இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே குறைந்தது 50 அடி விடுவது எங்கள் தொழிலில் வழக்கம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் நீர் எளிதாக ஊடுருவும் என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். 60 அடிக்கு 45 அடிக் காணியின் மூலைவிட்டமே 75 அடிதான். எனவே ஒன்றை ஒரு மூலையிலும் மற்றதை எதிர்மூலையிலும் வைத்தாலொழிய இடைவெளி கிடைப்பது கடினம். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஈசான மூலையில் கிணறு இருக்க வேண்டுமென்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. மலக்குழியை அதற்கு எதிரே தள்ளிவிட்டு அவர்களையும் சமாதானப்படுத்திவிடலாம்.

சமையலறை என்றால் வரவேற்பறையோடு திறந்த பேன்ட்ரி என்பது இப்போது எழுதாச் சட்டமாகிவிட்டது. மீன் பொரிக்கும் வீட்டில் அந்த மணம் எங்கே போகும்? 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காதபோது, பேன்ட்ரி வைத்த வீட்டுக்காரர்களும் முற்றத்தில் கல் வைத்து விறகு மூட்டினார்கள். பின்பக்கத்தில் புகைபோக்கியோடு சிறிய விறகடுப்புக்கும் இடம் வையுங்கள். அம்மாவிடம் கேளுங்கள், அவர் எந்த இடத்தில் தேங்காய் துருவுகிறார், அம்மி எங்கே கிடக்கிறது, குடத்தை எத்தனை தடவை தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள், உடுப்புக் கொடி, வலை வைத்திருப்பவர்கள் என்றால் வலை, இவையெல்லாம் வீட்டில்தான் இருக்கின்றன, வரைபடத்தில்தான் இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முதல்நாள் இரவில் காசைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வராதீர்கள். நாங்கள் வரைந்தால் புள்ளி எங்களுக்குத்தான் வர வேண்டும். இரண்டு கிழமைக்கு முன்னர் பிள்ளையே அளந்து கீறிய தாளோடு அனுப்பினால், பார்த்துத் திருத்தம் சொல்ல நானும் என்னைப் போன்றவர்களும் காசு கேட்க மாட்டோம்.

மற்றொன்று, இது வேண்டுகோள் அன்று. பிள்ளை வரைந்த செயற்றிட்டம் அழகாக இருக்கிறதென்று அதையே மேசனிடம் கொடுத்து அத்திவாரம் வெட்டச் சொன்ன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் கம்பிக் கணக்கு இல்லை, மண் பார்க்கப்படவில்லை, உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி இல்லை. மாணவர்கள் தங்கள் பெயரை எழுதும் அதே பெட்டியில், பெயரைவிடப் பெரிய எழுத்தில், "பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு மட்டும். கட்டுவதற்கு அன்று" என்று எழுதிவிடுங்கள்.