இரண்டாம் ஆண்டு ஃபீஸை யார் கட்டுவது?

இந்த முறை என்னிடம் ஆலோசனை கேட்டது ஒரு பெண். வெளிநாட்டில் இரண்டு வருட முதுகலை. முதல் வருடம் முடிந்துவிட்டது, மதிப்பெண்களும் நன்றாகவே இருக்கின்றன. அடுத்த வருடக் கட்டணத்துக்குத்தான் கையில் பணம் இல்லை. "பார்ட் டைம் வேலை பார்த்துக் கட்டிக்கலாம்னு சொன்னாங்க சார்" என்கிறார். சொன்னது யார் என்று கேட்டால் ஏஜென்ட், சீனியர், யாரோ ஒரு சொந்தக்காரர். வெளிநாட்டுப் படிப்புக்கான நிதி ஆலோசனைதான் என் தொழில். இதே வாக்கியத்தை ஒவ்வொரு இன்டேக்கிலும் (சேர்க்கைப் பருவத்திலும்) யாராவது ஒருவர் வந்து சொல்கிறார். கேட்கக் கேட்கக் கோபமாக வருகிறது. அந்தப் பிள்ளைகள் மேல் அல்ல, இதைச் சொல்லி அனுப்பியவர்கள் மேல்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். பிரிட்டனில் வகுப்பு நடக்கும் காலத்தில், பட்டப்படிப்பு மாணவர் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். ஒரு மணி நேரம்கூட விடாமல் நாலு வாரமும் உழைத்தால் சுமார் 977 பவுண்ட் வரும். சரி, செலவு? லண்டனுக்கு வெளியே தங்கிப் படிப்பவருக்கு மாதம் 1,136 பவுண்ட் வேண்டும் என்று விசாவுக்காக 2025 தொடக்கத்தில் அந்த அரசே நிர்ணயித்திருந்தது. லண்டன் என்றால் 1,483. அதாவது முழு மணி நேரமும் வேலை கிடைத்து, காய்ச்சல் தலைவலி என்று ஒருநாளும் படுக்காமல், தேர்வு வாரத்திலும் லீவு போடாமல் உழைத்தாலும், வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே பற்றாது. இதில் கல்விக் கட்டணத்துக்கு எங்கிருந்து மிச்சம் பிடிப்பது?

மற்ற நாடுகளிலும் வரம்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாட்கள். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனால் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கவே கூடாது, வளாகத்துக்குள்ளும் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். "கையில் காசாகக் கொடுக்கிற இடம் இருக்கு, கணக்கில் வராது" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிடிபட்டால் போவது விசா. கூலி தராமல் ஏமாற்றினாலும் வெளியே சொல்ல முடியாது.

பார்ட் டைம் வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கைச்செலவுக்கு உதவும், அனுபவம் கிடைக்கும். பட்ஜெட்டில் மட்டும் அதை வரவாக எழுதாதீர்கள். பூஜ்யம் என்று போடுங்கள்.

அடுத்தது 'ஷோ மனி'. வட்டிக்கு வாங்கிய பணத்தைச் சில வாரம் கணக்கில் வைத்து, ஸ்டேட்மென்ட் எடுத்து, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிரிட்டனுக்குத் தொடர்ந்து 28 நாட்கள் பணம் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் 28 நாள் வாடகைக்குப் பணம் தருகிற வியாபாரமே நடக்கிறது. போலி ஸ்டேட்மென்ட் கொடுத்து மாட்டினால் 10 வருடம் அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வரலாம். மாட்டாமல் தப்பித்தவர்களின் கதி இன்னும் மோசம் என்பேன். காட்டிய பணம் போய்விட்டது, ஆனால் அந்தச் செலவு அப்படியே காத்திருக்கிறது.

உண்மையான பணத்தையே காட்டினாலும் அது குறைந்தபட்சத் தொகைதான். பிரிட்டன் விசாவுக்கு வாழ்க்கைச் செலவை அதிகபட்சம் 9 மாதத்துக்குத்தான் கேட்கிறது, அங்கே முதுகலையோ பெரும்பாலும் 12 மாதம். மீதி 3 மாதத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். வருடத்துக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் வேறு. தங்கும் காலம் முழுமைக்கும் விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். ஜெர்மனி விசாவுக்குப் பணத்தை மொத்தமாகப் போட்டு மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்ட் அக்கவுன்ட்டில் 11,904 யூரோ போட்டால் மாதம் 992 யூரோதான் வெளியே வரும். வீட்டு முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்க உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே முதல் மாதத்துக்குத் தனியாகப் பணம் வேண்டும். 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள்.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். வாழ்க்கைச் செலவுக்காக மாணவர் காட்ட வேண்டிய தொகையைப் பல வருடங்களாக 10,000 கனடா டாலரிலேயே வைத்திருந்த கனடா, அதை 2024 ஜனவரியில் 20,635 ஆக்கியது. அடுத்த வருடமே 22,895. பக்கத்து வீட்டு அண்ணன் போனபோது இருந்த கணக்கு உங்களுக்கு உதவாது. நான் இங்கே எழுதியிருக்கும் தொகைகளையும் விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஸ்காலர்ஷிப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆஃபர் லெட்டர் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். பிரிட்டன் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கான விண்ணப்பம் முந்தைய வருட ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடிவிடும், அதற்கு இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட் (DAAD) போன்ற ஸ்காலர்ஷிப்களுக்கும் ஒரு வருடம் முன்பே தயாராக வேண்டும். பல்கலைக்கழகம் தரும் கட்டணச் சலுகை முதல் வருடத்துக்கு மட்டுமா, குறிப்பிட்ட மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது போதாது. மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜென்ட்டுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு தாள் எடுங்கள். படிப்பு முடியும் மாதம் வரை எழுதுங்கள், முதல் வருடத்தோடு நிறுத்தாதீர்கள். கட்டணம் வருடா வருடம் ஏறும், அதையும் சேருங்கள். செலவு அந்நாட்டு நாணயத்தில், கடன் உங்கள் நாட்டு நாணயத்தில் என்றால் உங்கள் நாணயத்தின் மதிப்பு சரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். பெரும்பாலான கல்விக் கடன்களில் தவணை தொடங்குவதற்கு முன்பே வட்டி ஏறத் தொடங்கிவிடும். படிப்பு முடியும் நாளில் கடன் எவ்வளவு ஆகியிருக்கும் என்று வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். டிக்கெட், காப்பீடு, முன்பணம், வேலை தேடும் சில மாதங்கள், எல்லாம் அந்தத் தாளில் வரட்டும். தொகை இடித்தால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். தள்ளிப் போவதில் ஒரு அவமானமும் இல்லை.

பெற்றோர்களே, உங்களால் எவ்வளவு முடியும் என்பதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்பது பாசம்தான், ஆனால் அதை நம்பித்தான் அவர்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஏற்கெனவே போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் தயவுசெய்து தனியாக உட்கார்ந்து அழாதீர்கள். கட்டணக் கெடு முடிவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். தவணை முறை, அவசர உதவி நிதி என்று சில வழிகள் பல இடங்களில் உண்டு. ஆனால் பணம் கட்டாமல் பதிவு ரத்தாகிவிட்டால், பிரிட்டன் போன்ற நாடுகளில் பல்கலைக்கழகம் அதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள், இந்த வாரமே.